எடை போட்ட வாக்கு

ஜூன் 4

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். அப்போது யாரும் காது கொடுக்காததால் இப்போது எழுதி வைக்கிறேன்.

என் தங்கை பாக்கியத்தின் மகள் ரேணுகா தொட்டிலில் கிடந்தபோதே, "இவள் டாக்டராவாள்" என்று சொன்னவன் நான். ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துச் சொன்னேன். அது சின்ன வித்தியாசம். இப்போது கோயம்புத்தூரில் தங்கி, சட்டத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். யாரைப் பற்றி? எங்களைப் பற்றி. சிலோனில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஜனங்களை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தன. உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பேசி முடித்து, எங்கள் பங்கைக் கப்பலேற்றிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களைக் கேட்காமல் அப்படிச் செய்ய சர்வதேசச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி.

அந்த ஆராய்ச்சியின் முதுகெலும்பு நான். இன்று காலை போன் செய்தாள்.

"மாமா, நீங்க சொன்ன கூடை ஓட்ட எங்க சாருக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு!"

எழுந்து நின்று கைதட்டினாராம். கைதட்டியதை அவள் சொல்லவில்லை. எழுந்து நின்ற மனிதர் கையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருப்பார்?

ரேணுகாவின் ஆராய்ச்சி புத்தகமாக வரும்போது கப்பலில் வந்தவர்கள் குடியிருக்கும் இந்தக் கோத்தகிரி மேல்தட்டு காலனிக்கு என்னைத் தேடி நாலு பேர் வருவார்கள். அன்றைக்கு உதவட்டும் என்று இனி நடப்பதை எல்லாம் எழுதப் போகிறேன்.

பீன்ஸ் பந்தலைக் காட்டுமாடு சாய்த்துவிட்டது.

ஜூன் 6

கூடை ஓட்டு விஷயத்தை முழுதாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் மஸ்கெலியா பக்கம், குருவிக்கலை. எனக்குப் பதினைந்து வயது. இந்தியாவுக்கா, இங்கேயேவா என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் வந்தது. அரசாங்கம் கேட்பதற்கு முன்னால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம் என்று லயத்து ஜனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், முடிவு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இரண்டு கூடைகளை வைத்தார்கள். ஒன்று இந்தியாக் கூடை, மற்றது சிலோன் கூடை. ஆளுக்கு ஒரு கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லோரும் வரிசையில் வந்து போட்டார்கள்.

எண்ணவில்லை. தராசில் தொங்கவிட்டோம். நாங்கள் நிறுத்துப் பழகிய ஜனங்கள். அன்றைக்கு நல்ல மழை. ஈரக் கொழுந்து என்றால் தண்ணீருக்கென்று கணக்கப்பிள்ளை எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். அன்றும் முறைப்படி கழித்தோம். கழித்தும் சிலோன் கூடைதான் கீழே இறங்கியது. இருப்போம் என்பதே தீர்ப்பு. கங்காணி ஓடிவந்து இரண்டு கூடைகளையும் ஒன்றாகக் கொட்டிக் காலால் மிதித்தான்.

தராசைப் பிடித்தவன் யார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தற்பெருமை பிடிக்காது.

"தண்ணிக்குக் கழிச்சீங்களா?" என்று, நான் இதை முதலில் சொன்ன நாளில் ரேணுகா திரும்பத் திரும்பக் கேட்டாள். "இத யாராலயும் சும்மா சொல்ல முடியாது மாமா. தோட்டத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

என் மனைவி மாரியாயியும் குருவிக்கலைதான். கீழ் லயம். நான் இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதியதைக் கேட்டுவிட்டு அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம மடுவத்த யாருங்க தொறந்து விட்டது?"

"சாவி இருந்துச்சு."

"யாருகிட்ட?"

சமையல் செய்கிறவர்களோடு சரித்திரம் பேசக் கூடாது.

ஜூன் 11

மழை. கரண்ட் இல்லை. ரேணுகா போன் செய்யவில்லை. உலகம் ஒரு நாள் ஓய்வெடுத்தது.

ஜூன் 20

ரேணுகா வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக மாரியாயி சுட்ட தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் ஒரு பிடி பிடித்துவிட்டு எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தாள் என்பது தவறு. எனக்குத் தெரிந்ததை அவளும் சொன்னாள்.

உலக நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் முதல் பிரிவிலேயே, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று போட்டிருக்கிறது. தங்கள் தலைவிதியைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இருபத்தேழாம் பிரிவில் சிறுபான்மையினர் வருகிறார்கள். அவர்கள் தங்கள் மொழியைப் பேசலாம், தங்கள் சாமியைக் கும்பிடலாம், தங்கள் பண்டிகையைக் கொண்டாடலாம்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான் மாமா. தலைவிதிய எழுதுற பேச்சு அங்க இல்ல. ஒரு கூட்டம் மக்களா, சிறுபான்மையான்னு யாரு முடிவு பண்றது? அதுலதான் அம்பது அறுபது வருசமா அறிஞர்கள் சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. நம்மளப் பத்தி எழுதினவங்க எல்லாருமே சிறுபான்மைன்னு எழுதிட்டு அடுத்த பக்கம் போயிட்டாங்க. கூலிக்கு வந்தவங்க, ஒண்ணா நின்னு எதையும் தீர்மானிச்சது இல்லன்னு."

"கூடை ஓட்டு?"

"அதான் மாமா!" என்று என் முழங்காலில் தட்டினாள். "மொத உலகப் போர் முடிஞ்சப்ப எல்லை மாத்தின சில எடத்துல ஜனங்கள ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நம்மளக் கேக்கல. ஆனா நாமளே கேட்டுக்கிட்டோம்னு வைங்க, நாம முதல் பிரிவுக்குப் போயிடுறோம்."

முதல் பிரிவுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் இருபத்தைந்து பிரிவுகள். எங்கள் லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் இருந்த தூரம். என் தராசு ஒரே தாவில் அதைத் தாண்டிவிட்டது.

மாரியாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன் கண்ணு, மொழி பேசலாம், சாமி கும்பிடலாம், பொங்கல் வைக்கலாம். மத்தபடி எங்க போறது, எப்ப வர்றது எல்லாம் வேற ஆளு முடிவு பண்ணுவாங்க. அதுதான சிறுபான்மை?"

"ஆமா அத்தை."

"அப்ப இந்த வீட்டுல நாந்தான் சிறுபான்மை."

ரேணுகா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நானும் சிரித்தேன். பெருந்தன்மை வேண்டும்.

ஜூலை 2

ரேணுகாவை ஜெனீவாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நவம்பரில் அங்கே ஒரு கருத்தரங்கு, கூடை ஓட்டைப் பற்றிப் பேச வேண்டும். "ஐ.நா. கட்டடத்துலயா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, அங்கருந்து ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி" என்றாள். அதாவது ஐ.நா. சபை. காலனி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அவளுடைய சார் இன்னொரு சாட்சி வேண்டும் என்கிறாராம். ஒருவர் சொன்னால் கதையாம், இரண்டு பேர் சொன்னால் ஆதாரமாம். படித்தவர்களுக்கு எப்போதும் சந்தேகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ரெக்கார்டரோடு வந்து காலனியில் எல்லோரையும் கேட்கப் போகிறாள்.

மாரியாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பாட்டில் உப்பில்லை.

ஜூலை 3

ஆரோக்கியத்தைப் பார்க்கப் போனேன். முன்பு ஜீப் ஓட்டியவன், என் வயதுக்காரன். சும்மா ஞாபகப்படுத்தலாம் என்றுதான் போனேன். வேறு எண்ணம் இல்லை.

"ஆரோக்கியம், அந்தக் கூட ஓட்டு..."

"எந்தக் கூட?"

சொன்னேன். அவன் பீடியைக் கீழே போட்டான். "ஏன்டா வீரமலை, இதச் சொல்ல ஒனக்கு இத்தன வருசமாடா? எங்க தோட்டத்துலயும்தான் வச்சாங்க!"

எனக்கு லேசாகத் தலை சுற்றியது. பனி அதிகம்.

"உங்க தோட்டம் பதுளப் பக்கமில்ல?"

"பதுளன்னா கொழுந்து மொளைக்காதா? தப்பு அடிச்சு ஊர்வலமா போனோம்டா. தொர பங்களா மேல நின்னு பைனாகுலர்ல பாத்தான்."

பைனாகுலர் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஜூலை 9

ரேஷன் கடை வராந்தாவில் பெஞ்சு போட்டோம். நான் நடுவில் உட்கார்ந்தேன். ரேணுகா என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டாள். நான் இருந்தால் ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களாம். மரியாதையினால்தான்.

ஆரோக்கியம் ஊர்வலத்தைச் சொன்னான். போன வாரம் ஒரு தப்பு இருந்தது, இன்று மூன்று. பிறகு இரண்டு பேர் தங்கள் தோட்டத்திலும் வைத்ததாகச் சொன்னார்கள். ஒருவர் கூடையில்லை, சாக்கு என்றார். இன்னொருவர் சாக்கில்லை, கூடைதான் என்று அவரோடு சண்டைக்குப் போனார். இருவரும் வெவ்வேறு மலைக்காரர்கள்.

அப்புறம் கருப்பாயி வந்தாள். அப்புத்தளைக்காரி. எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், கண் பார்வை மங்கிவிட்டது. அவளுடைய மகள் அங்கே கட்டிக் கொடுத்த இடத்திலேயே தங்கிவிட்டாள். மகனோடு இவள் மட்டும் கப்பலேறினாள். அந்த மகளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. இது காலனிக்கே தெரியும். அவளாக வாயைத் திறந்து சொன்னதில்லை.

"நீங்க எந்தக் கூடைல போட்டீங்க பாட்டி?" என்றாள் ரேணுகா.

கருப்பாயி நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், விரல்களைக் கொழுந்து பிடிக்கிற மாதிரி குவித்துக்கொண்டு.

"ரெண்டுலயும் போட்டேன் தாயி. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு அந்தக் கணக்கப்புள்ள வைஞ்சான். எனக்கு ரெண்டு புள்ளைங்கடான்னு சொன்னேன்."

சாக்கும் கூடையும் சண்டை போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அந்த வராந்தாவில் குளிர் காற்று வரும்.

மாரியாயி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரேணுகா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அத்தை, நீங்களும் குருவிக்கலைதான? எந்தக் கூடை?"

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும்போல இருந்தது.

மாரியாயி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னைய யாரும் கேக்கல கண்ணு."

"பொம்பளைங்களக் கேக்கலையா?"

"என்னையக் கேக்கல. இங்க வர்றதுக்கும் கேக்கல, இவருக்குக் கட்டி வைக்கிறதுக்கும் கேக்கல. இன்னைக்கு நீதான் மொதமொதல்ல கேக்குற. பதில் இல்ல. பழக்கம் இல்ல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ரேணுகா அதையும் குறித்துக்கொண்டாள்.

ஜூலை 10

ரேணுகா கிளம்பும்போது முகமெல்லாம் வெளிச்சம். "மாமா, இது ஒரு தோட்டத்து விஷயமே இல்ல. மஸ்கெலியா, பதுள, அப்புத்தள. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காமலே ஒரே மாதிரி செஞ்சிருக்காங்க. இயக்கம் மாமா இது! இந்த மாசக் கடைசில ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன். இதத்தான் நடுவுல வைக்கப் போறேன். இது இல்லாட்டி மத்த அத்தியாயம் எல்லாம் சும்மா படிச்சதத் திருப்பிச் சொன்னது மாதிரிதான்."

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இந்த அளவுக்கு வளரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன், ஆனால் இந்தப் பக்கமாக அல்ல.

ஜூலை 12

மாரியாயி என்னோடு பேசுவதில்லை. கோழிகளோடு பேசுகிறாள். "இவருகிட்ட சொல்லுங்கடி, சோறு மேசைல இருக்கு."

ஜூலை 13

அதேபோல்தான். சாயந்திரம் அவள் சாமிக்கு விளக்கு வைத்தாள், அவள் பாட்டைப் பாடினாள். இருபத்தேழாம் பிரிவு.

ஜூலை 16

பந்தலைச் சரி செய்து முள்கம்பி கட்டினேன். கையில் கிழித்துக்கொண்டது. மாரியாயி மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து, பேசாமலே வைத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் பேசிவிட்டாள்.

"நீங்க அளந்து விடுறது எனக்குப் புதுசா? புலிய வெறட்டினீங்க, வெள்ளக்காரனுக்கே இங்கிலீசு திருத்தினீங்க. யாருக்கு என்ன நட்டம், நானும் சிரிச்சுட்டுத்தான் போனேன். இது அப்பிடி இல்லைங்க. ஊர்ல அத்தன பேரும் நடந்துச்சு நடந்துச்சுன்னு சொல்றாங்க பாருங்க. கருப்பாயி அன்னைக்கு ராத்திரி சாப்பிடலையாம். புள்ள அத எழுதி, பெரிய எடத்துல கொண்டுபோய் வைக்கப் போவுது. அங்க ஒருத்தன், ஞாயித்துக்கெழம மடுவத்த யாரு தொறந்தான்னு கேட்டா, அது என்னங்க சொல்லும்? சாவி இருந்துச்சுன்னா?"

கட்டு இறுக்கமாக இருந்தது, போய்ப் பந்தலில் மிச்சக் கம்பியைச் சுற்றினேன்.

ஜூலை 18

கோயம்புத்தூர் போய்வந்தேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜன்னல் சீட். அதற்குப் பிறகு இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்; பஸ்ஸில் கூட்டம், இறங்க வழியில்லை.

ரேணுகா என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். வடை வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் வந்து, "இவங்கதான் தராசு பிடிச்ச மாமாவா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுத வேண்டும்.

அவர்கள் போனதும் சொல்லிவிட்டேன். மடுவம் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. கூடை இல்லை, தராசு இல்லை, ஓட்டு இல்லை. தண்ணீருக்குக் கழிப்பது மட்டும் உண்மை. அது தினமும் நடந்தது.

ரேணுகா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வடையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"ஆரோக்கியம் மாமா சொன்னது?"

"நான் சொன்னதக் கேட்டுட்டு."

"கருப்பாயிப் பாட்டி?"

அந்த அம்மாள் பொய் சொன்னாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் எழுத முடியவில்லை.

"ஏன் மாமா?" என்றாள். "ஒன்றரை வருசம். எத்தன தடவ திருப்பித் திருப்பிக் கேட்டேன்?"

"நீ மொத நாளு ரெக்கார்டர வச்சு, ஒங்கள யாராவது கேட்டாங்களா மாமான்னு கேட்ட. இல்லன்னு சொல்லி முடிச்சிருக்கணும். அந்த ஒரு வார்த்த வரல கண்ணு. என்னைய யாரும் கேக்காம ஒரு காரியம் நடந்துச்சுன்னு நான் எங்கயும் சொன்னதில்ல."

அவள் எழுந்து வெளியே போனாள். கேன்டீன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் யாரிடமோ போனில் பேசினாள், அவளுடைய சாரிடம்தான் இருக்கும். பேசி முடித்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"ஜெனீவாவுக்கு வரலன்னு எழுதிடப் போறேன். ஆய்வேட்டுக்கு ஆறு மாசம் தள்ளி வாங்கணும், குடுப்பாங்களா தெரியல. அந்த அத்தியாயத்த எடுத்துடறேன்."

நான் வடைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவள் பையில் இருந்து ரெக்கார்டரை எடுத்து மேசையில் வைத்தாள். "சரி. அப்ப என்னதான் நடந்துச்சு? சேக்காம சொல்லுங்க."

சொன்னேன். தோட்டத்து ஆபீஸ் வாசலில் கிளாக்கர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குடும்பம் குடும்பமாக வரிசை. அப்பா முன்னால், அம்மா பின்னால், இடுப்பில் பாக்கியம், அதற்கும் பின்னால் நான். கிளாக்கர் தலையைத் தூக்காமல், "இந்தியாவா, இங்கயேவா?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் நின்றவர் இந்தியா என்றார். அடுத்தது அப்பா. அப்பா அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "எங்களுக்கும் அதேங்க" என்றார் அப்பா. கிளாக்கர் எழுதிக்கொண்டார். அடுத்த குடும்பம் வந்தது. நாங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தோம், அம்மா அடுப்பு மூட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ரெக்கார்டரை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாள். பஸ் கிளம்பும்போது கையசைக்கவில்லை. ஆனால் நின்றாள்.

ஜூலை 25

போன் இல்லை. இரண்டு கோழிகள் முட்டையிட்டன.

ஆகஸ்ட் 6

போன் இல்லை. காலனியில் ஜெனீவாவைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே குளிர் அதிகம், தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். மாரியாயி பக்கத்தில் நின்றாள். கேட்ட ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, ஜெனீவா இல்லை, என்னால்தான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் நம்பவில்லை.

ஆகஸ்ட் 14

கருப்பாயிக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். அந்த ஓட்டு நடக்கவில்லை அக்கா, நான் கட்டிச் சொன்னது என்றேன். அவள் என் கையைத் தடவிக்கொண்டே, "தெரியும் தம்பி" என்றாள். "நடந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேனோ அதத்தான் அந்தப் புள்ளகிட்ட சொன்னேன்."

செப்டம்பர் 3

ரேணுகா போன் செய்தாள். மாரியாயியிடம்தான் பேசினாள். ஆறு மாதம் கிடைத்துவிட்டதாம். நான் பக்கத்தில் நின்று இருமினேன். "மாமாவுக்கு இருமலா?" என்று கேட்டாளாம்.

செப்டம்பர் 24

ரேணுகா வந்திருக்கிறாள். வாசலில் நின்று, "என்ன மாமா, இன்னைக்கு யாரு தராசு புடிக்கிறது?" என்றாள். கொஞ்ச நாளைக்கு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். பாதகமில்லை.

புது அத்தியாயம் எழுதிக்கொண்டு வந்தாள். நடக்காத ஓட்டைப் பற்றி. வெவ்வேறு மலைகளில் இருந்து வந்தவர்கள், யாரும் கேட்காத கேள்விக்கு இத்தனை வருடமாகப் பதில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். அது சட்டத்தில் ஆதாரமாகுமா என்று அவளுடைய சார் தலையைச் சொறிந்தாராம். ஆகாமல் போகலாம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி என்றாராம். கருப்பாயியிடம் போய் இரண்டு கொழுந்தை எழுதட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு வந்தாள். மாரியாயியின் பதில் அப்படியே இருக்கிறது, பெயரோடு. மாரியாயி அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

பிறகு ரேணுகா எங்கள் குடும்பத்துப் பகுதியை வாசித்தாள். நல்ல தமிழில் எழுதியிருந்தாள். "கணவர் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எந்த அரசும் நடத்தாத வாக்கெடுப்பு அந்த ஒரு பார்வையில் நடந்து முடிந்தது. ஆய்வாளர் இந்தப் பார்வையிலிருந்தே தொடங்க விரும்புகிறார்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுதான் மாமா மொத்த அத்தியாயத்துக்கும் ஆரம்பம். நல்லா இருக்கா?"

நல்லா இருக்கு என்றேன்.

மாரியாயி முறத்தை வைத்துவிட்டு, "எங்க மாமனாரு திரும்பியா பாத்தாரு?" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பீன்ஸ் பறிக்கலாம் வா என்று ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். இங்கே உட்கார்ந்தபடியே பார்க்கிறேன். இருவரும் பந்தலுக்கு இரண்டு பக்கமும் நின்று பறிக்கிறார்கள். மாரியாயியின் கை இன்னும் கொழுந்து பறிக்கிற வேகத்தில்தான் போகிறது.

அம்மாவும் மாரியாயியும் பேசிக்கொள்ளாத விஷயம் இல்லை. அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த மனுசன் அன்னைக்கு என்னைய ஒரு பார்வ பாத்திருந்தா, நான் தலைய ஆட்டியிருப்பேன்." எந்தப் பக்கம் ஆட்டியிருப்பாய் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

இதை முன்பே எதிர்பார்த்தேன் என்று எழுத முடியாது. பேனாவை மூடிவிட்டுப் பந்தலுக்குப் போய் ரேணுகாவிடம் சொல்ல வேண்டும், அவள் அந்த அத்தியாயத்தை அனுப்புவதற்குள்.

அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பார்வையை நான்தான் சேர்த்தேன்.